தலையசைத்தால் சரியென்று பொருளா?

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் சாம்பிள் அறையை மனக்கண்ணால் பாருங்கள். ஐரோப்பாவிலிருந்து வந்திருக்கும் பையர், "20ஆம் தேதிக்குள் சரக்கைக் கப்பலேற்றி விடுவீர்களா?" என்று வினவுகிறார். நம்மவர் தலையை இருபுறமும் மெல்லச் சாய்க்கிறார். என்ன பதில் அது?

'ஆகட்டும்' என்பதாக இருக்கலாம். 'நீங்கள் சொல்வது காதில் விழுகிறது' என்பதாகவும் இருக்கலாம். எதிரிலிருப்பவரின் முகத்தை முறிக்க மனமின்றிப் 'பார்க்கலாம்' என்று நழுவுவதும் இதே அசைவுதான்! நமக்குள் கண்ணும் குரலும் பொருளைக் காட்டிக் கொடுத்துவிடும். புதிதாய் வந்தவருக்கோ அது 'இல்லை' என்றே படும். அடுத்த கம்பெனியின் படியேறிவிடுவார். நம் பழக்கத்தை அரைகுறையாக அறிந்தவர் எல்லா அசைவையும் 'ஆம்' என்று எடுத்துக்கொள்வார். அது இன்னும் ஆபத்து. தேதி தவறினால் சரக்கை விமானத்தில் அனுப்பும் செலவு பெரும்பாலும் கம்பெனியின் தலையில்தானே விழுகிறது? "முடியும், 20ஆம் தேதி" என்று வாய்திறந்து சொல்லி, அன்று மாலையே எழுத்திலும் அனுப்பிவிடுவது நலம்.

பல்கேரியரிடம் பேசுவோர் பாடு இன்னும் வேடிக்கை. அங்கே தலையை மேலும் கீழும் ஆட்டினால் 'இல்லை'. பக்கவாட்டில் ஆட்டினால் 'ஆம்'.

1978இல் வெரோனா என்ற இத்தாலிய இறக்குமதியாளர் வந்த பிறகே இவ்வூர்ப் பின்னலாடைக்கு ஐரோப்பியச் சந்தை திறந்தது என்பர். இத்தாலியர் விரல் நுனிகள் ஐந்தையும் குவித்து ஆட்டினால், "என்னதான் சொல்ல வருகிறீர்?" என்று பொருள். அரபு நாட்டில் பணியாற்றித் திரும்பிய உங்கள் அண்ணனைக் கேளுங்கள். "சற்றுப் பொறு" என்பார். நம் வீட்டில் அதே விரல்கள் வாயருகே சென்றால், "சாப்பிட்டாயிற்றா?"

கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் வளையமாக்கித் துணியின் தரத்தைப் புகழ்கிறோம். பிரெஞ்சுக்காரர் அதைப் 'பூஜ்யம்' என்று படிக்கக்கூடும். ஜப்பானியருக்கு அது காசு. பிரேசிலிலோ ஆபாசமான வசை!

நம் குடும்பங்களுக்கே உரிய சங்கடம் ஒன்றுண்டு. பெண் பையர் கைகுலுக்கக் கை நீட்டுகிறார். அல்லது நம் பெண்மக்களிடம் அயல் ஆடவர் நீட்டுகிறார். தொடுவதைத் தவிர்க்க விரும்பிப் பேசாமல் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டால், அவர் தம்மை அவமதித்ததாகவே எண்ணுவார். வலக்கையை நெஞ்சில் வைத்து, சற்றே தலைதாழ்த்தி, "எங்கள் வழக்கம் இது, தங்கள் வருகையில் மகிழ்ச்சி" என்று புன்னகையோடு சொல்லிப் பாருங்கள். நீட்டிய கையைப் பெரும்பாலோர் தம் நெஞ்சிலேயே வைத்துக்கொள்வர்.