வியாபாரத்துக்கு மடிக்கணினி: திருத்துவதா, புதிதாக வாங்குவதா?
சந்தேகங்களும் விளக்கங்களும்

வின்டோஸ் 10 இயங்குதளத்துக்கான இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மைக்ரோசொப்ட் நிறுவனம் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் நிறுத்தியது. அடுத்த மாதமே டித்வா புயலின் வெள்ளம் புத்தளம் மாவட்டத்தைத் தாக்கியது. கற்பிட்டி விடுதிகள் முதல் சிலாபம் இறால் பண்ணை அலுவலகங்கள் வரை, பழைய கணினியைத் திருத்துவதா மாற்றுவதா என்ற கேள்வி எழுவது இயல்பே. அதையொட்டிய விளக்கங்கள் வருமாறு:

வின்டோஸ் 10 உள்ள கணினி இனி வேலை செய்யாதா?

வேலை செய்யும், ஆனால் புதிதாகக் கண்டறியப்படும் பாதுகாப்புக் குறைகள் சரிசெய்யப்படமாட்டா என்பதால், வங்கிக் கொடுக்கல் வாங்கலுக்கு அது ஏற்றதல்ல. தனிநபர்களுக்கான பாதுகாப்புப் புதுப்பிப்பு நீட்டிப்பு 2026 ஒக்டோபர் 13 வரை என அறிவிக்கப்பட்டது. நிறுவனங்களுக்கு ஒரு கணினிக்கு முதலாண்டுக் கட்டணம் 61 அமெரிக்க டொலர். அது ஆண்டுதோறும் இரட்டிப்பாகி, மூன்று ஆண்டுகளுக்கு மொத்தம் 427 டொலராகிறது. அவ்வளவு பணத்தைப் பழைய கணினியில் போடுவது பெரும்பாலும் நட்டமே.

எந்தக் கணினியில் வின்டோஸ் 11 நிறுவலாம்?

இன்டெல் கணினியாயின் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய செயலி, டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லு, 4 ஜிபி ரேம், 64 ஜிபி சேமிப்பிடம் ஆகியவை வேண்டும். ஐ5-7200யூ ஏழாம் தலைமுறை, ஐ5-8250யூ எட்டாம் தலைமுறை. செயலியின் பெயரிலேயே இது தெரியும். டிபிஎம் இல்லை என்று காட்டினால், அது பயோஸ் அமைப்பில் அணைக்கப்பட்டிருக்கிறதா என முதலில் பார்க்க வேண்டும்.

பணம் அளவாக இருந்தால் எதற்கு முன்னுரிமை?

கணக்கு, விலைப்பட்டியல், மின்னஞ்சல் போன்ற வேலைகளுக்கு ஐ5 அல்லது ரைசன் 5 செயலி போதும். மிச்சப் பணம் 16 ஜிபி ரேமுக்கும் 512 ஜிபி எஸ்எஸ்டிக்கும் போகலாம். மெல்லிய மாதிரிகள் பலவற்றில் ரேம் தாய்ப்பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும்; அவற்றில் பின்னர் கூட்ட முடியாது. செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களின் தேவையால் 2025 இறுதியிலிருந்து ரேம் விலை வேகமாக உயர்ந்தது.

பழைய கணினிக்கு எஸ்எஸ்டி மட்டும் மாற்றினால் போதாதா?

வின்டோஸ் 11 ஏற்கும் கணினியில், வன்தட்டுக்குப் பதிலாக எஸ்எஸ்டி போடுவதே குறைந்த செலவில் கூடிய பலன் தரும் மாற்றம். எம்.2 வகையில் சாட்டா, என்விஎம்இ என இரண்டு உண்டு. தோற்றம் ஒத்திருந்தாலும் சில கணினிகள் ஒன்றை மட்டுமே ஏற்கும். நீளமும் வேறுபடும் என்பதால், பழைய துண்டைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோவது பாதுகாப்பானது.

‘இராணுவத் தரம்’ என்ற ஒட்டி இருந்தால் உப்புக்காற்றைத் தாங்குமா?

உறுதியில்லை. அந்த ஒட்டி குறிக்கும் மில்-எஸ்டிடி-810 என்ற அமெரிக்கத் தரத்தில் உப்புப் புகைச் சோதனையும் (509ஆம் முறை) உண்டு; ஆனால் எந்தெந்தச் சோதனைகளைச் செய்வது என்பதைத் தயாரிப்பாளரே தெரிவுசெய்கிறார். ஆகவே அந்த மாதிரியின் விவரப் பட்டியலில் அச்சோதனை பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்டுள்ளதா எனப் பார்க்க வேண்டும். அரிப்பும் திரவச் சேதமும் பொதுவாக உத்தரவாதத்தில் அடங்கா. கடலை நோக்கிய ஜன்னலோரம் கணினியை வைக்காதிருப்பதும், குளிரூட்டிய அறையிலிருந்து வெளியே எடுத்தவுடன் இயக்காமல் அரை மணி நேரம் விடுவதும் அந்த ஒட்டியை விட அதிகம் காக்கும்.

மின்வெட்டுக்கு என்ன ஏற்பாடு?

900 மெகாவாட் நுரைச்சோலை அனல்மின் நிலையம் புத்தளம் மாவட்டத்திலேயே இருந்தாலும், 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் மின்சாரம் தடைப்பட்டபோது அதன் மூன்று இயந்திரங்களும் நின்றன. அடுத்த இரு நாள்களும் சுழற்சி முறையில் ஒன்றரை மணி நேர மின்வெட்டு அமுலானது. மடிக்கணினி பற்றரியில் ஓடினாலும் இணைய ரவுட்டர் நின்றுவிடும் என்பதால், ரவுட்டருக்கெனச் சிறிய யூபிஎஸ் ஒன்று தேவை. பழைய கணினி வாங்குவோர் பயோஸ் திரையில் அல்லது தயாரிப்பாளரின் மென்பொருளில் பற்றரியின் நிலையைப் பார்த்த பின்பே விலை பேச வேண்டும்.

கணினி இயங்கவே மறுத்தால்?

சார்ஜரையும் இணைத்துள்ள எல்லாவற்றையும் கழற்றி, இயக்கும் பொத்தானை 30 விநாடி அழுத்திப் பிடித்துவிட்டு, சார்ஜரை மட்டும் மீண்டும் இணைத்துப் பார்க்க வேண்டும். டெல் லட்டிடியூட் மாதிரிகள் பலவற்றில் மஞ்சள் விளக்கு இரு முறையும் வெள்ளை விளக்கு மூன்று முறையும் மின்னினால், ரேம் கண்டறியப்படவில்லை என்று பொருள். கழற்றக்கூடிய ரேமாயின் அதை எடுத்துத் துடைத்துப் பொருத்தினாலே பல வேளைகளில் சரியாகும். விளக்கு எரிந்து திரை மட்டும் இருண்டிருந்தால், எச்டிஎம்ஐ கம்பியால் தொலைக்காட்சியில் இணைக்கலாம். அங்கே படம் வந்தால் பழுது திரையிலோ அதன் கம்பியிலோதான். தாய்ப்பலகைக்குப் பணம் கொடுக்கத் தேவையில்லை.

வெள்ளத்தில் நனைந்த கணினியிலுள்ள கணக்குகளை மீட்கலாமா?

பல வேளைகளில் மீட்கலாம். ஆனால் ‘வேலை செய்கிறதா’ என்று ஒரு முறை கூட இயக்கிப் பார்க்கக் கூடாது. பற்றரி இணைப்பைத் துண்டித்து, எஸ்எஸ்டியைக் கழற்றி உலர்த்தி, வேறு கணினியில் படிக்கச் செய்வதே முறை. பிட்லாக்கர் பூட்டு இருந்தால் 48 இலக்க மீட்புக் குறியீடு இல்லாமல் தரவு கிடைக்காது என்பதால், அக்குறியீட்டை இன்றே எழுதி வேறிடத்தில் வைப்பது அவசியம். வீங்கிய பற்றரியை மீண்டும் பயன்படுத்தக் கூடாது.

வெளிநாட்டிலிருந்து வரும் பாவித்த கணினிகளை நம்பலாமா?

நிறுவனப் பாவனைக்கான மாதிரிகள் கழற்றித் திருத்த ஏற்றவை என்பதால் அவை நல்ல தெரிவே. ஆனால் பயோஸ் கடவுச்சொல் போடப்பட்டிருந்தாலோ, வின்டோஸைப் புதிதாக நிறுவும்போது அந்நிய நிறுவனமொன்றின் பெயர் தோன்றினாலோ, அதை வாங்கக் கூடாது.

விலை பேசும்போது எதைக் கேட்க வேண்டும்?

2024 ஜனவரி 1 முதல் 18 வீதமாக உள்ள வற் வரி சொல்லப்படும் விலையில் அடங்கியுள்ளதா என்று கேட்க வேண்டும்; வற் பதிவு பெற்ற வியாபாரி, வரி விலைப்பட்டியல் இருந்தால் நிபந்தனைகளுக்கு உட்பட்டு அவ்வரியைக் கழித்துக்கொள்ளலாம். வருமான வரிக் கணக்கில் கணினியின் விலை ஐந்து ஆண்டுகளில் சம பங்குகளாகக் கழிக்கப்படும். 2,50,000 ரூபா கணினிக்கு ஆண்டுக்கு 50,000 ரூபா. உத்தரவாதச் சேவை இடத்துக்கே வருமா, புத்தளம் நகரிலிருந்து சுமார் 130 கிலோமீற்றர் தொலைவிலுள்ள கொழும்புக்குக் கொண்டுபோக வேண்டுமா என்பதை எழுத்தில் பெறுவது, செயலியின் வேகத்தை விட முக்கியமானது.

விற்றவர் உத்தரவாதத்தை மறுத்தால்?

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடம் முறையிடலாம். முறைப்பாடு எழுத்து மூலம், பொருளை வாங்கி மூன்று மாதங்களுக்குள் செய்யப்பட வேண்டும். பற்றுச்சீட்டைக் கேட்டால் வழங்குவது வியாபாரியின் கடமை. அதிகார சபையின் தொலைபேசி இலக்கம் 1977.