முதுகைக் காட்டி நின்றால் போதும்

"செருப்பைக் கழட்டிட்டு ஏறுங்கம்மா."

டாக்டர் அறைக்கு வெளியே, நாற்காலி வரிசைக்கு நேர் எதிரே இருந்தது எடை மெஷின். பெரியம்மா கைப்பையை என்னிடம் கொடுத்தார். கழுத்துச் சங்கிலியையும் கழற்றிவிடலாமா என்று ஒரு கணம் கை அங்கே போய் வந்தது. ஏறினார். "எண்பத்தாறு!" என்று நர்ஸ் சொன்னது, காத்திருந்த அத்தனை பேர் காதிலும் விழுந்தது.

அதற்குப் பிறகு எட்டு மாதம் பெரியம்மா அந்தப் பக்கமே போகவில்லை. பழைய சீட்டைக் காட்டியே கடையில் பிரஷர் மாத்திரை வாங்கிக்கொண்டிருந்தார். ஏன் என்று கேட்டால், "அந்த மெஷின்ல ஏறணுமே" என்பார்.

எடைக்குப் பயந்து மருத்துவரையே தவிர்ப்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். உடல் பருமனை வைத்து ஒருவரைக் கூசவைப்பது உடலுக்கும் மனதுக்கும் கேடு செய்கிறது, தக்க சிகிச்சை கிடைப்பதையும் தடுக்கிறது என்று 2020-இல் பல நாட்டு நிபுணர்கள் 'நேச்சர் மெடிசின்' இதழில் கூட்டாக அறிக்கை வெளியிட்டார்கள். அமெரிக்காவில், 'மருத்துவக் காரணம் இல்லையென்றால் எடை பார்க்க வேண்டாம்' என்று அச்சிட்ட சிறு அட்டையை வரவேற்பு மேஜையில் நீட்டும் வழக்கமும் வந்திருக்கிறது.

அந்த எண்ணுக்கு நாம் இவ்வளவு அஞ்சத்தான் வேண்டுமா? இத்தாலிய மருத்துவர் சாண்டோரியோ சாண்டோரியோ, பெரிய தராசில் தொங்கவிட்ட நாற்காலியில் உட்கார்ந்து, தான் உண்டதையும் குடித்ததையும் கழித்ததையும் ஏறக்குறைய 30 ஆண்டுகள் நிறுத்துப் பார்த்தவர். உள்ளே போனதற்கும் வெளியே வந்ததற்கும் கணக்கு உதைத்தது. மிச்சம் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது என்று 1614-இல் நூலாகவே எழுதினார். நாம் தூங்கும்போதும் அந்த இழப்பு நிற்பதில்லை. உடல் எடை ஓரிடத்தில் நிலையாக நிற்கிற சங்கதியே இல்லை.

அரை லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டு ஏறினால் அரை கிலோ கூடுதலாகத்தான் காட்டும். முதல் நாள் கல்யாணப் பந்தியில் அப்பளமும் ஊறுகாயும் ஒரு கை பார்த்திருந்தால், அந்த உப்பு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தசையிலும் கல்லீரலிலும் சேரும் கிளைக்கோஜன் என்னும் மாவுச்சத்து, தன் ஒவ்வொரு கிராமுக்கும் ஏறத்தாழ 3 கிராம் தண்ணீரைக் கூடவே வைத்திருக்கும். பல பெண்களுக்கு மாதவிலக்கையொட்டி உடலில் நீர் கோக்கும். இப்படியே ஒரு கிலோ, இரண்டு கிலோ ஏறி இறங்கும். உண்மையில் ஒரு கிலோ கொழுப்பு சேர, செலவானது போக சுமார் 7,700 கலோரி மிஞ்ச வேண்டும். அது ஒரே ராத்திரியில் நடக்கிற காரியமல்ல.

ஆனால் எடை பார்ப்பதை விடவே கூடாத இடங்கள் உண்டு. காசநோய்க்கான கூட்டு மாத்திரையை எடை பார்த்துத்தான் எண்ணிக் கொடுக்கிறார்கள்: 35 முதல் 49 கிலோ வரை தினம் மூன்று, 50 முதல் 64 வரை நான்கு. குழந்தைக்குப் பாராசிட்டமால் ஒரு வேளைக்கு, கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். கீமோதெரபிக்கும் மயக்க மருந்துக்கும் எடை தெரிய வேண்டும். இதயம் பலவீனமானவருக்கு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால், அது நுரையீரலிலோ காலிலோ தேங்கும் நீராக இருக்கலாம். உடனே டாக்டரிடம் சொல்லியாக வேண்டும். டயாலிசிஸில் எத்தனை லிட்டர் நீரை எடுப்பது என்பதே எடையை வைத்துத்தான். கர்ப்பிணிகளுக்கும் எடை பார்த்தாக வேண்டும்.

இந்த இடங்களில்கூட எண் தெரிய வேண்டியது மருத்துவருக்கு. நீங்கள் அதைப் பார்த்தே தீர வேண்டும் என்றில்லை. மெஷினுக்கு முதுகைக் காட்டி ஏறி நிற்கலாம். "சிஸ்டர், சத்தமா சொல்லாதீங்க, எழுதிக்கோங்க" என்றால் போதும். நம் ஊரில் சீட்டு நம் கையிலேயே வந்துவிடும் என்பதால், மடித்துக் கொடுக்கச் சொல்லிவிடுங்கள். காதுவலிக்கோ கண்ணெரிச்சலுக்கோ போயிருந்தால், "இன்னிக்கு எடை அவசியமா?" என்று கேளுங்கள். அவசியம் என்றால் ஏன் என்று சொல்வார்கள். சொல்லும் காரணம் புரிந்துவிட்டால் பாதி கூச்சம் போய்விடும். உணவுக் கோளாறுக்குச் சிகிச்சை பெறுபவர்கள் மட்டும், எண்ணைப் பார்ப்பதா வேண்டாமா என்பதைத் தங்கள் மருத்துவரோடு பேசி முடிவுசெய்வது நல்லது.

மருத்துவமனைகளிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. அந்த மெஷினை நாற்காலி வரிசைக்கு எதிரிலிருந்து நகர்த்தி ஒரு திரைக்குப் பின்னால் வையுங்கள். ஒரு திரைச்சீலை பெரிய செலவில்லை.

பெரியம்மாவை மறுபடி அழைத்துப் போனேன், வேறொரு டாக்டரிடம். மெஷினைப் பார்த்ததும் நடை தளர்ந்தது. நர்ஸிடம் மெல்லச் சொன்னேன். "அதுக்கென்ன பாட்டி, திரும்பி நில்லுங்க" என்றார் அந்தப் பெண். சுவரில் தொங்கிய முருகன் காலண்டரைப் பார்த்தபடி பெரியம்மா நின்றார். பேனா ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. உள்ளே போனதும் டாக்டர் கையில் பட்டையைச் சுற்றினார். பிரஷர் 170. "இத்தனை நாள் எங்கம்மா போனீங்க?" என்று கேட்டுக்கொண்டே மாத்திரையை மாற்றி எழுத ஆரம்பித்தார்.