கிணற்றை நம்பிய குடாநாடு

இலங்கையின் வட முனையில், ஆனையிறவு வழியாக வன்னிப் பெருநிலத்தைத் தொட்டுக்கொண்டிருக்கிறது யாழ்ப்பாணக் குடாநாடு. பரப்பு சுமார் 1,000 சதுர கிலோமீட்டர். வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லை. வழுக்கையாறு உண்டு; அதுவும் மாரி மழைக்கு மட்டும் ஓடும். அப்படியிருந்தும் குடாநாட்டின் பகுதிகளான வலிகாமத்திலும் வடமராட்சியிலும் ஊரோடு ஊர் ஒட்டிக் கிடக்கிறதென்றால், அது காலடியிலுள்ள சுண்ணாம்புக்கல் தந்த வாழ்வு.

வெடிப்பும் பொந்துமான அந்தக் கல் மழைநீரை உள்ளே வாங்கிக்கொள்கிறது. இறங்கிய நன்னீர், அதைவிடக் கனமான கடல்நீரின் மேல் படலமாகத் தங்குகிறது. குடாநாட்டின் நிலாவரைக் கிணற்றில் இதைக் காணலாம்: மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்பு. அந்தக் கிணறு இராமன் அம்பெய்து உண்டாக்கியது என்கிறது ஊர்க்கதை.

குடாநாட்டுக் கிணறுகளின் தண்ணீரை மேலே கொண்டுவந்தது துலா என்னும் ஏற்றம். ஒருவர் துலாவின் மேல் ஏறி முன்னும் பின்னும் நடந்து மிதிப்பார். கீழே நிற்பவர் பனையோலைப் பட்டையைக் கிணற்றில் இறக்கி, நிறைந்து வந்ததும் வாய்க்காலில் கவிழ்ப்பார். செம்பாட்டு மண்ணில் ஓடும் நீர் புகையிலைக் கன்றின் அடிக்குப் போகும். அந்தப் புகையிலை கடல் கடந்து திருவிதாங்கூர் வரை விலைபோனது.

இங்கே மக்கள் வாழத் தொடங்கியது இன்று நேற்றல்ல. 1980இல் ஆனைக்கோட்டையில் கிடைத்த பழங்கால முத்திரை, இங்குள்ள குடியிருப்பின் தொன்மைக்குச் சான்று. யாழ்ப்பாண அரசு 1619இல் போர்த்துக்கேயரிடம் வீழ்ந்தது. 1658இல் ஒல்லாந்தர் வந்தார்கள், 1795இல் ஆங்கிலேயர். வன்னியில் பிடித்த யானைகளை ஒல்லாந்தர் ஆனையிறவு வழியே ஓட்டிவந்து இந்திய வணிகர்களுக்கு விற்றார்கள். குடாநாட்டின் வாசலான அந்த இடத்துக்காகவே பிற்காலத்து உள்நாட்டுப் போரிலும் எத்தனையோ உயிர்கள் போயின: 2000 ஏப்ரலில் அங்கிருந்த படைமுகாமை விடுதலைப் புலிகள் கைப்பற்றினார்கள், 2009 ஜனவரியில் இராணுவம் மீட்டது.

இன்று ஆபத்து நிலத்துக்கடியில். துலா போய் இயந்திரம் வந்ததும் இறைப்பு பெருகியது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழிருக்கும் உப்பு மேலேறும். தோட்டத்து உரமும் மலக்குழிக் கழிவும் அதே கல்லின் வெடிப்பு வழியே இறங்க, பல கிணறுகளில் நைட்ரேட் கூடிவிட்டது. ஆனையிறவுக் களப்பை நன்னீர்த் தேக்கமாக்கும் பழைய திட்டம் இன்னும் முழுமையாகவில்லை.

2024இல் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. நல்ல வேலை. ஆனால் குழாய் நீர் குடிக்கத்தான். வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் கிணற்றுத் தண்ணீரே கதி. மாரி மழையைத் தேக்கும் குளங்களைத் தூர்வாருவதும், உரத்தைக் குறைப்பதும், மலக்குழியைக் கிணற்றுக்குத் தள்ளிக் கட்டுவதும் இனியும் தள்ளிப்போடக் கூடாத வேலைகள்.