பின்கோடு பேசும் பெட்டிகள்

காரைக்கால் தலைமை அஞ்சலகத்தின் பின்கோடு 609602. மயிலாடுதுறைக்கு 609001. புதுச்சேரிக்கு 605001. காரைக்கால், புதுச்சேரி யூனியன் பிரதேசத்தைச் சேர்ந்த ஊர். ஆனால் கிழக்கே கடல், மற்ற மூன்று பக்கமும் தமிழ்நாடு. அதனால்தான் அதன் எண் பக்கத்து ஊரான மயிலாடுதுறையோடு சேர்ந்து 609-இல் தொடங்குகிறது.

பின்கோடு 1972 ஆகஸ்ட் 15 அன்று வந்தது. ஒரே பெயரில் பல ஊர்கள், முகவரி எழுதப் பல மொழிகள் என்று தபால்காரர்கள் திண்டாடிய காலம் அது. எண்ணுக்கு மொழி கிடையாது. தமிழே தெரியாத ஒருவர் டில்லியில் உட்கார்ந்து முதல் எண் 6 என்றதும் தெற்கே அனுப்பிவிடலாம். அடுத்தடுத்த எண்கள் கடிதத்தை ஊர்வரை கொண்டுவந்து சேர்த்துவிடும்.

இதே யோசனை கணினி உலகத்திலும் இருக்கிறது. காரைக்காலை அடுத்த திருவேட்டக்குடியில் என்.ஐ.டி. இருக்கிறதல்லவா? அதைப் போன்ற ஒரு பெரிய வளாகத்தைக் கற்பனை செய்யுங்கள். கட்டடத்துக்குக் கட்டடம் ஸ்விட்ச், ரௌட்டர், வைஃபை பெட்டி, யு.பி.எஸ். எல்லாம் ஒரே கம்பெனிப் பொருளாக இருக்காது. வெவ்வேறு வருடத்தில் வாங்கியவை. ஒரே கம்பெனியை நம்பி இருப்பதும் நல்லதல்ல. ஆனால் ஒவ்வொரு கம்பெனிக்கும் தனித் திரை, தனிச் சொற்கள். விடுதியில் நெட் வரவில்லை என்று போன் வந்தால், பராமரிப்பவர் நான்கு திரைகளை மாறி மாறித் திறந்து பார்க்க வேண்டும்.

இந்தச் சிக்கலுக்கு 1988-இல் அமெரிக்காவில் கேஸ், ஃபெடோர், ஷாஃப்ஸ்டால், டேவின் என்ற நால்வர் ஒரு பொதுப் பேச்சுமுறையை எழுதி வெளியிட்டார்கள். அதன் பெயர் எஸ்.என்.எம்.பி. அதன் முதல் எழுத்துக்கு ‘எளிய’ என்று பொருள். கண்காணிக்கும் கணினி ஓர் எண்ணை அனுப்பிக் கேட்கும். பெட்டி அந்த எண்ணுக்கு உரிய விடையைத் திருப்பி அனுப்பும். பேச்சு அவ்வளவுதான்.

கேட்கும் எண்தான் பெட்டிகளின் பின்கோடு. 1.3.6.1.2.1.1.3 என்ற எண்ணை இடமிருந்து படித்துக்கொண்டே வாருங்கள். 1 என்றால் உலகத் தர நிர்ணய அமைப்பு. 3, அதில் பதிந்த நிறுவனங்கள். 6, அமெரிக்கப் பாதுகாப்புத் துறை. இணையம் அவர்களுடைய ஆராய்ச்சியில் பிறந்ததால் அந்த இடம். அடுத்த 1 இணையம். இப்படிக் கிளை கிளையாக இறங்கி, கடைசி 3-க்கு வந்தால் ‘நீ எழுந்து எவ்வளவு நேரம் ஆயிற்று?’ என்ற கேள்வி. எந்த நாட்டில் செய்த பெட்டியானாலும், எஸ்.என்.எம்.பி. தெரிந்திருந்தால் இதற்குப் பதில் சொல்லும்.

பதில் நொடியில் நூறில் ஒரு பங்கு கணக்கில் வரும். 6000 என்றால் ஒரு நிமிடம். எண்ணிக்கை 4294967295 வரை போய், பிறகு பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். அது எத்தனை நாள் என்று நீங்களே வகுத்துப் பாருங்கள். 497 நாள் வரும்! விவரம் தெரியாதவர் அன்றைக்கு, மின்சாரம் போய்ப் பெட்டி அணைந்து எழுந்தது என்றே நினைத்துக்கொள்வார்.

ஒரு கம்பெனி, வேறு யாரிடமும் இல்லாத புது வசதியைச் செய்தால் என்ன ஆகும்? எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். 1.3.6.1.4.1 என்ற கிளைக்குக் கீழே கம்பெனிக்கு ஓர் எண். சிஸ்கோவுக்கு 9, ஜூனிப்பருக்கு 2636. அதற்குள் அவரவர் விருப்பப்படி எண் கொடுத்துக்கொள்ளலாம். பட்டியலை மட்டும் மற்றவர்களுக்குக் கொடுத்துவிட வேண்டும். சுற்றிலும் தமிழ்நாடு இருக்க, நடுவே தனி நிர்வாகத்தோடு காரைக்கால் இருப்பதைப் போல! பட்டியல் கையில் இல்லையென்றால் வருவது வெறும் எண்தான், பொருள் புரியாது. பல கம்பெனிப் பொருள்களை ஒரே திரைக்குக் கொண்டுவருபவருக்குப் பெரிய வேலையே இந்தப் பட்டியல்களைச் சேகரிப்பதுதான்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறியது. டெல்டாவில் ஆயிரக்கணக்கான மின்கம்பங்கள் சாய்ந்தன. அப்படிப்பட்ட இரவில், கண்காணிக்கும் கணினி யு.பி.எஸ்.ஸிடம் ‘பேட்டரி இன்னும் எத்தனை நிமிடம் தாங்கும்?’ என்று கேட்கலாம். அதற்கும் பொது எண் உண்டு. கேட்கும்வரை காத்திராமல், மின்சாரம் நின்றதுமே பெட்டி தானாகச் செய்தி அனுப்பவும் வழியிருக்கிறது.

சில நேரம் பெட்டிகள் பதிலே சொல்லாது. அப்போதுதான் ஒரே திரையின் அருமை தெரியும். நூலகத்தில் ஒரு கம்பெனியின் வைஃபை பெட்டி, இன்னொரு கம்பெனியின் கேமரா, மூன்றாவது கம்பெனியின் யு.பி.எஸ். மூன்றும் ஒரே நிமிடத்தில் பேச்சை நிறுத்தினால், மூன்றும் சேர்ந்தாற்போல் கெட்டிருக்கும் என்று யாரும் நினைக்கமாட்டார்கள். மூன்றுக்கும் வழிவிடும் ஸ்விட்ச் ஒன்றுதான். பராமரிப்பவர் டார்ச்சை எடுத்துக்கொண்டு, மழையில் நேராக அந்த ஸ்விட்ச் இருக்கும் அறைக்குப் போவார்.