தொண்டை தாண்டிய முள்

மீன் முள் தொண்டையில் சிக்கினால் நம் வீடுகளில் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான்: வெறுஞ்சோற்றை உருண்டை பிடித்து மெல்லாமல் விழுங்குவது. குத்தல் நின்றால் முள் போய்விட்டது என்று எழுந்து கை கழுவுகிறோம். பெரும்பாலும் அது மலத்தோடு போயும்விடுகிறது. இரைப்பையையோ குடலையோ துளைப்பது நூற்றில் ஒன்று என்ற அளவில்தான்.

அந்த ஒன்றுதான் பொல்லாதது. இரைப்பைச் சுவரைத் துளைத்த முள், அதை ஒட்டியிருக்கும் கல்லீரலின் இடது மடலுக்குள் ஏறலாம்; குடல் கிருமிகளும் கூடவே போய் அங்கே சீழ் கட்டும். சில நாளோ சில மாதமோ கழித்துக் குளிர்காய்ச்சல், மேல்வயிற்றில் வலி. அதற்குள் அந்த மீன்குழம்பு யாருக்கு ஞாபகம் இருக்கும்? அண்ணத்தை மூடும் பல்செட்டு போட்டவர்களுக்கோ முள் உள்ளே போனதே தெரிந்திருக்காது.

எக்ஸ்ரேயில் மீன் முள் பெரும்பாலும் படாது. சி.டி. ஸ்கேனில் சீழ்க்கட்டிக்குள் மெல்லிய வெள்ளைக் கோடாகத் தெரியும். அதைக் கவனிக்காமல் சீழை மட்டும் ஊசியால் உறிஞ்சி ஆன்டிபயாடிக் கொடுத்தால் காய்ச்சல் இறங்கும். முள் உள்ளேயே இருப்பதால் திரும்பவும் வரும். அப்படித் திரும்பி வந்தால், "உள்ளே ஏதாவது பொருள் இருக்குமா டாக்டர்?" என்று கூச்சப்படாமல் கேளுங்கள். முள் குத்திய நினைவு இருந்தால் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

முள்ளை எடுக்க இப்போது பெரும்பாலும் வயிற்றை நீளமாகக் கிழிக்க வேண்டியதில்லை. மூன்று நான்கு சிறு துளைகள், ஒன்றில் கேமரா. கல்லீரலோடு ஒட்டிப்போன இரைப்பையைப் பிரித்து, இடுக்கியால் முள்ளை உருவி, சீழைக் கழுவி, இரைப்பையிலோ குடலிலோ ஓட்டை இருந்தால் தைத்துவிடுவார்கள். ஒட்டல் கடுமையாக இருந்தால் பாதியில் திறந்த அறுவைக்கு மாறவும் நேரும். அது மருத்துவரின் தவறல்ல; ஆனால் அந்த வாய்ப்பை முன்கூட்டியே சொல்லித்தான் கையெழுத்து வாங்க வேண்டும். பரிசோதனைக்குத் தந்த சம்மதம் அறுவைக்குச் சம்மதம் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2008-லேயே சொல்லிவிட்டது.

சிகிச்சை ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது விதி. முதல் முறை முள் பிடிபடவில்லை என்பது மட்டுமே அலட்சியம் ஆகிவிடாது. ஸ்கேன் அறிக்கையில் எழுதியிருந்தும் யாரும் பார்க்கவில்லை என்றால் கதை வேறு. அப்போது இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். ஸ்கேன் குறுந்தகட்டைப் பத்திரமாக வைத்திருங்கள். அந்த வெள்ளைக் கோடு அதில்தான் இருக்கிறது.