வராத அளவு பூஜ்யம் அல்ல



2020, 2021 கொரோனா நாட்களில் விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரை நாம் எல்லோரும் பழகிக்கொண்டோம். இரத்தத்தில் பிராணவாயு 94க்குக் கீழே இறங்கினால் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். இப்பொழுது சில கைக்கடிகாரங்களே தூக்கத்தில் இதை அளந்து வைக்கின்றன. வெண்ணந்தூரில், தறிச் சத்தத்துக்குப் பக்கத்தில் படுத்திருக்கும் தகப்பனாரின் அளவை, அவர் அனுமதித்தால், வெளியூரில் இருக்கும் மகன் தினமும் பார்க்கலாம். அளவுகளை எடுத்துத் தருவது ஒரு சிறிய கம்ப்யூட்டர் நிரல்.

பிட்பிட் கடிகாரமானால், அந்த நிரலுக்கு ஒரு நாளைக்கு மூன்று எண்கள் கிடைக்கும்: சராசரி, மிகக் குறைந்தது, மிக உயர்ந்தது. நிரலை எழுதுகிறவர் கூடவே ஒரு விளக்கக் குறிப்பும் எழுதவேண்டும். நிரலைவிட அதுவே முக்கியம் என்போம். செவ்வாய்க்கிழமை என்று வரும் அளவு, திங்கள் இரவு படுத்துச் செவ்வாய் காலை எழுந்த தூக்கத்தினுடையதாக இருக்கலாம். கடிகாரத்தைக் கழற்றி வைத்த இரவுக்கு அளவே வராது. அங்கே நிரல் பூஜ்யம் போட்டுவிட்டால் மகன் பதறிப்போவார். மாதச் சராசரியும் கெட்டுவிடும்.

இன்னொன்று. கருவி தோலின் வழியே ஒளியைச் செலுத்தித்தான் அளக்கிறது. 2020இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ஆக்சிமீட்டர் 92 முதல் 96 வரை காட்டியபோது உண்மை அளவு 88க்கும் கீழே இருந்தது கறுப்பின நோயாளிகளிடம் 11.7 சதவிகிதம், வெள்ளையரிடம் 3.6 சதவிகிதம். நம்மில் பலருக்கும் கருமையான தோல்தானே! ஆகையால் மூச்சுத் திணறுகிறவரை, கடிகாரம் 96 காட்டினாலும், உடனே அழைத்து வாருங்கள்.