எளிமையின் அருமை

எளிமை எளிதில் வாய்ப்பதொன்றன்று. இன்றியமையாதனவற்றைத் தேர்ந்து ஏனையவற்றை நீக்குதற்குப் பொருளை முற்ற உணர்ந்த அறிவும், நீக்குந் துணிவும் ஒருங்கே வேண்டும். இவ்வுண்மை நூலியற்றுவார்க்கேயன்றிக் கணினிக்கு மொழி வகுப்பார்க்கும் உரியதென்பதனை, நிக்லவுஸ் விர்த் என்னும் சுவிட்சர்லாந்து நாட்டு அறிஞரின் கொள்கைகொண்டு ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

கணினி தானாக ஒன்றையும் அறியாது. அது செய்யவேண்டியவற்றை முறைப்படக் கூறும் கட்டளைத் தொகுதியை நிரல் என்பர். அதனை மக்கள் எழுதுதற்கென வகுக்கப்பட்டது நிரல்மொழி. அதற்கும் சொல்லும் தொடரும் இலக்கணமும் உண்டு. அம்மொழியில் எழுதியதனைப் பொறிக்குரிய மொழியில் மாற்றித் தருவது தொகுப்பி எனப்படும்.

விர்த் 1934-ஆம் ஆண்டிற் பிறந்தவர். 1960-இல் வெளிவந்த அல்கால் என்னும் மொழிக்கு அடுத்ததொரு மொழி வகுக்க அமைந்த பன்னாட்டுக் குழுவில் அவரும் ஓர் உறுப்பினர். அளவான திருத்தங்களே போதுமெனக் கருதி அவரும் ஆங்கில அறிஞர் ஹோரும் வரைந்த திட்டத்தைக் குழுவினர் ஏற்றிலர். மிகப் பெரியதொரு திட்டமே ஏற்கப்பட்டு, அல்கால் 68 என வெளிவந்தது. அதன் இலக்கணம் வல்லுநர்க்கும் கடினமாயிருந்தது. குழுவினின்றும் விலகிய விர்த், பாஸ்கல் என்னும் சிறிய மொழியை 1970-இல் வெளியிட்டார். கற்பித்தற்கு ஏற்ற தெளிவுடைமையால் அது பல நாட்டுப் பல்கலைக்கழகங்களிலும் மாணவர்க்கு முதன்மொழியாயிற்று. அல்கால் 68 அத்துணைப் பரவவில்லை. 1984-இல் டூரிங் விருது விர்த்துக்கு வழங்கப்பெற்றது.

ஆயினும், குறைத்தல் மட்டுமே எளிமையாகுமோ? நன்னூலார் நூலின் குற்றங்களை எண்ணுமிடத்து, மிகைபடக் கூறுதலோடு குன்றக் கூறுதலையும் குற்றமென்றே வைத்தார். பாஸ்கலிலும் அக்குறை இருந்தது. பத்து எண்களை வரிசைப்படுத்த எழுதிய பகுதி, இருபது எண்களுக்கு உதவாது. இதனையும் பிறவற்றையும் பிரயன் கெர்னிகன் 1981-இல் எடுத்துக்காட்டினார். விர்த் பாஸ்கலுக்குப் பின் வகுத்த மாடுலா-2 என்னும் மொழியில் இக்குறையை நீக்கியிருந்தார். பின்னர், 1980-களின் பிற்பகுதியில் ஓபரான் என்னும் மொழியை வகுத்தபோது, மாடுலா-2-இல் இருந்த உறுப்புகள் பலவற்றைக் களைந்து, வேண்டிய சிலவற்றையே புதிதாகச் சேர்த்தார். வளருந்தோறும் பருத்தலே மொழிகளின் இயல்பாயிருக்க, இது வியத்தற்குரியதன்றோ?

தொகுப்பியைத் திருத்துதற்கும் அவர் ஓர் அளவுகோல் வைத்திருந்தார். தொகுப்பியும் ஒரு நிரலேயாதலின், அது தன்னைத்தானே மொழிபெயர்த்துக்கொள்ள வல்லது. புதியதொரு நுட்பத்தைச் சேர்த்தபின் அவ்வேலை முன்னினும் விரைந்து முடியுமாயின் அந்நுட்பம் தங்கும், இன்றேல் நீங்கும்.

1995-இல் எழுதிய கட்டுரையொன்றில், மென்பொருள்கள் வீணே பருத்து வருவதனை விர்த் கடிந்தார். ஓர் ஆங்கில எழுத்துக்குரிய இடம் ஒரு பைட்டு எனக் கொள்வர். முன்னாளில் எழுத்தைத் திருத்தும் மென்பொருளொன்று 8,000 பைட்டுகளில் அடங்கியதனையும், தாமும் குட்கினெக்டும் இயற்றிய ஓபரான் அமைப்பு, தொகுப்பி முதலியவற்றோடும் 200 கிலோபைட்டுக்குட் பட்டதனையும் காட்டினார். பொறியின் வேகம் வளர்வதனினும் மென்பொருளின் மந்தம் விரைந்து வளர்கின்றதென்னும் கருத்தை ரைசர் என்பாரது எனக் குறித்தார். கேட்டவற்றையெல்லாம் சேர்த்தலும், சிக்கலை ஆற்றலென மயங்குதலும், காலநெருக்கடியுமே இதற்குக் காரணமென்பது அவர் துணிபு.

இது வெறும் இடச்சிக்கனம் பற்றிய வாதமன்று. மருத்துவமனையிலும் வங்கியிலும் வானூர்தியிலும் இன்று மென்பொருளே ஏவல் செய்கின்றது. ஒருவராலும் முழுதும் உணரலாகாத ஒன்று பிழைபடின், அப்பிழையை எவர் கண்டு திருத்துவார்? தாம் செய்ததற்குத் தாமே விடை கூற வல்லராதல் வேண்டுமென்பதே விர்த் கொள்கையின் உயிர்நிலை என்பது எம் கருத்து. எண்பதை அணுகிய 2013-ஆம் ஆண்டிலும், அவர் ஓபரான் அமைப்பைப் புதுக்கி, அதற்கேற்ற செயலியையும் தாமே வடிவமைத்து, மாணவன் ஒருவன் முற்றும் பயிலத்தக்கதாக வெளியிட்டார். 2024-ஆம் ஆண்டின் முதல்நாளில் அவர் மறைந்தார்.

தமிழ் பயிலும் எம்மிற் பலர், கடினமாக எழுதுதலே புலமையென மயங்குகின்றோம். ஆசிரியர் ஒரு தொடரைச் சுட்டி, "இதன் பொருள் யாது?" என வினவுங்கால் விழிக்கின்றோம். நாம் எழுதியது நமக்கே விளங்கவில்லையாயின் பிறர்க்கு எங்ஙனம் விளங்கும்? கட்டுரையாயினும் நிரலாயினும், எழுதி முடித்தபின், எதனை நீக்கலாமென மீட்டும் ஒருமுறை நோக்குவோமாக.